திரையில் ஓடும் ஓடை



2006ஆம் ஆண்டு அண்ணா பிறந்த நாளன்று தமிழ்நாட்டரசு விலையில்லா வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. 2011ஆம் ஆண்டு அதே நாளில், நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில், மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. இரண்டையும் பெற்ற வீடுகள் நெமிலிச்சேரியிலும் உள. ஆயின், கூடத்துப் பெட்டியையும் பரணேறிய கணினியையும் ஒரு வடத்தால் பிணைக்கலாகும் என்று எண்ணியோர் எத்துணையர்?

2020ஆம் ஆண்டு, கொள்ளைநோயால் பள்ளிகள் பூட்டுண்டு கிடந்தன. எம் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்பு மாணவி, கல்வித் தொலைக்காட்சியின் கணக்குப் பாடத்தைக் கைப்பேசியில் உற்றுநோக்கிக் கண் சிவந்திருந்தாள். ஒளிபரப்பில் தவறிய பாடம் தவறியதே. இணையத்தில் ஏற்றிய பாடத்தையோ வேண்டுமட்டும் நிறுத்தி நிறுத்திக் காணலாம். அவள் அண்ணனின் மடிக்கணினியைப் பரணினின்று இறக்கச் சொல்லிவிட்டு, யானே கடைக்குச் சென்றேன்.

"கணினியின் படமும் ஒலியும் தொலைக்காட்சிக்குச் செல்லும் வடம் தருக" என்றேன். கடைக்கார இளைஞர் விழித்தார். 'எச்.டி.எம்.ஐ.' என்றதும் உடனே எடுத்து நீட்டினார். குற்றம் அவருடையதன்று. ஆகாசவாணியை விலக்கி 'வானொலி'யை நிலைநிறுத்தப் போராடிய நாம், இன்று சொல்லாக்கப் பட்டியல்களை ஏட்டிலேயே உறங்கவிட்டோம். கடைத்தெருவிற்குக் கொண்டு செல்லவில்லை.

பழம்பெட்டியின் பின்புறம் மூன்று துளைகள்: மஞ்சள் படத்திற்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. கணினியின் தட்டைத் துளையோ வேறு வகையினது. ஆதலின் இடையே ஒரு மாற்றி வேண்டும். அதற்கும் சிறிது மின்னூட்டம் வேண்டும். பழந்திரையில் சிற்றெழுத்துகள் மங்கும். ஆதலின் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்க. புதிய தட்டைத் திரையாயின் ஒரே வடம் போதும். படம் வந்தும் ஒலி வாராவிடில், கணினியின் ஒலியமைப்பில் தொலைக்காட்சியைத் தெரிவு செய்க. இதனை அறியாமல் வடத்தைத் திருப்பிக் கொடுத்தவரையும் யான் அறிவேன்!

இணையப் படம் வந்துகொண்டிருக்கும்போதே காண்பதை 'ஸ்ட்ரீமிங்' என்கின்றனர். இதற்கு 'ஓடை' என்பதே சாலப் பொருந்தும். முழுப்படத்தையும் இறக்கிவைத்துக் காண்பது, ஏரி நிறைந்தபின் மதகு திறப்பது போல்வது. ஓடையிலோ வரும் நீரை வந்தவாறே பாய்ச்சுகிறோம்; மடைமுன் சிறு தேக்கம் மட்டும் இருக்கும். வரத்துக் குறைந்து தேக்கம் வற்றினால் திரையில் வட்டம் சுழலும். திருநின்றவூர் ஏரியைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு இதனை விளக்க ஆங்கிலம் எதற்கு?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தோன்றியது. 1982 முதல் தில்லியின் நாடு தழுவிய நிகழ்ச்சி இந்தியைக் கூடத்தில் கொணர்ந்து இறக்கியது. அன்று பெட்டியை அணைப்பதன்றி வேறு வழியில்லை. 'பொதிகை' என்னும் இனிய பெயரும் 2024இல் 'டிடி தமிழ்' ஆயிற்று. இன்று ஓடையைத் திருப்பும் மடை நம் கையில். ஆயினும் தேடுபெட்டியில் நாமே ஆங்கிலத்தைத் தட்டுகிறோம்! கணினியின் மொழியைத் தமிழாக்குங்கள், தமிழெழுத்தில் தேடுங்கள், கடையில் முதலில் 'படவொலி வடம்' என்றே கேளுங்கள். விழித்தால் விளக்குங்கள்.

அம்மாணவி இன்று கல்லூரியில் பயில்கிறாள். இணையம் தடைப்படும் மாலைகளில் மதிலுக்கு அப்பாலிருந்து அவள் குரல் கேட்கும்: "தாத்தா, ஓடை நின்றுவிட்டது. உங்கள் வீட்டில் வருகிறதா?"