சங்கு ஊதிய பிறகு பழக முடியாது

ரயில்வேயில் 35 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமா முடித்துச் சேர்ந்த புதிதில் முதலில் கற்றுக்கொண்டது, டெப்போவில் சங்கு ஊதினால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைத்தான். விபத்து நிவாரண ரயிலில் யார் ஏற வேண்டும், ஜாக்கி யார் பொறுப்பு, விளக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் முன்பே முடிவானவை. ஒத்திகை பார்த்துப் பார்த்துக் கை தானாக வேலை செய்யும்.

குண்டுவெடிப்பைச் சந்திக்கவும் இந்தப் பழக்கம் வேண்டும் என்பதே என் கட்சி.

2006 ஜூலை 11 மாலை, மும்பை மேற்கு ரயில்வேயின் லோக்கல் வண்டிகளில் 11 நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. 180 பேருக்கு மேல் மாண்டனர். முதலில் ஓடி வந்தவர்கள் தண்டவாளத்தோரக் குடிசைவாசிகள். போர்வைகளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மனசு இருந்தது, ரத்தப் பெருக்கை எப்படி அழுத்தி நிறுத்துவது என்று சொல்லிக் கொடுத்தவர்தான் இல்லை.

அன்றிரவு எங்கள் கட்டடத்துப் பையனைத் தேடி மூன்று ஆஸ்பத்திரிகள் அலைந்தோம். முதல் ஆஸ்பத்திரியிலேயே அவன் இருந்திருக்கிறான். பட்டியலில் இருந்ததோ அவன் அப்பாவின் பெயர்! நம் இனிஷியல் வழக்கம் தெரியாமல், அடையாள அட்டையில் முதலில் இருந்த தகப்பனார் பெயரையே அவன் பெயராக எழுதிவிட்டார்கள். விடியும்வரை அந்தத் தாய் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

ரயில் கவிழ்ந்தால் எல்லோரும் ஓடிப்போய் உதவலாம். இங்கே இன்னொரு குண்டு காத்திருக்கக்கூடும். 2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. அடிபட்டவர்களைக் கொண்டுபோன சிவில் ஆஸ்பத்திரியிலும் சற்று நேரத்தில் குண்டு வெடித்தது. உதவ வந்தவர்களே பலியானார்கள். இந்தப் பாடம் மேலதிகாரியின் ஃபைலில் தூங்கினால் போதுமா? ஆஸ்பத்திரி வாசல் காவலாளிவரை வந்து சேர வேண்டாமா?

"பாதுகாப்பு விஷயம், ரகசியம்" என்பார்கள். குற்றவாளி யார் என்பது ரகசியமாக இருக்கட்டும். எந்த வழியாக வெளியேறுவது என்பது ரகசியமல்ல. அதே ஆண்டு நவம்பர் 26 இரவு சி.எஸ்.டி. நிலையத்தில் சுட்டுக்கொண்டிருந்தபோது, அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே மைக்கை விடாமல் பயணிகளை வேறு வழியாக வெளியேறச் சொன்னார். பலர் பிழைத்தார்கள்.

நான் பார்த்த ஒத்திகைகளில் அதிகாரிகள் இருப்பார்கள். போர்ட்டரும் டீக்கடைக்காரரும் துப்புரவுத் தொழிலாளியும் இருக்கமாட்டார்கள். ஆபத்தில் முதலில் நிற்பவர்கள் இவர்களே. இவர்களையும் அழைக்க வேண்டும். எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே பட்டியல் வேண்டும்.

நம் சங்கமும் சும்மா இருக்க வேண்டாம். தீயணைப்புப் படையினரை அழைத்து அரைநாள் முதலுதவிப் பயிற்சி நடத்தலாம். பொங்கல் விழாவுக்குக் கூடும் நம் அரங்கில் அவசர வழி எது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஒவ்வொருவரும் தம் பெயர், தகப்பனார் பெயர், ரத்தப் பிரிவு, வீட்டு ஃபோன் எண் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வையுங்கள். அவசர எண் 112 என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

சங்கு ஊதாமலே இருக்கட்டும். ஊதினால், நாம் பழகியவர்களாக இருப்போம்.