இழையின் தலையைப் பார்க்காமல் எழுதிய பதில்



ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், முகம் அறியாத ஒரு முஸ்லிம் சகோதரர் மீது நான் பெரும்பழி ஒன்றைச் சுமத்தினேன். அப்போது பட்டயப் படிப்பு முடித்திருந்த புதிது. ஆரணியில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் அமர்ந்து, இணையச் செய்திக்குழு ஒன்றில் மார்க்க விவாதங்களைப் படித்துவருவேன். ஒருநாள் ஒரு மடல் கண்ணில் பட்டது. திருமணத்தின்போது நகையும் சீரும் கொடுத்துவிட்டதால் பெண்மக்களுக்குச் சொத்தில் பங்கு கேட்க உரிமையில்லை என்ற வாதம், பத்துப் பன்னிரண்டு வரிகளில், நிதானமாக எழுதப்பட்டிருந்தது. எனக்குக் கோபம் தாங்கவில்லை. அல்லாஹ்வின் வேதம் விதித்த பங்கை மறுப்பவர் என்று அவருக்கே நேராக ஒரு மடல் அனுப்பினேன். சொற்களை இங்கே எழுத நாணுகிறேன்.

மறுநாள் பதில் வந்தது. “முதல் மடலைப் படியுங்கள்” என்ற ஒரே வரி. படித்தேன். எதிர்த்தரப்பினர் கூறும் வாதங்களை ஒவ்வொன்றாக முன்வைத்து, பிறகு ஒவ்வொன்றையும் குர்ஆனைக் கொண்டு மறுக்கப்போவதாக அவர் தொடக்கத்திலேயே அறிவித்திருந்தார். நான் கண்டது அவர் மறுக்க எடுத்துக்கொண்ட வாதத்தை. மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தார். அதன்பின் எனக்கு அவர் எழுதவேயில்லை.

அந்த முதல் மடல் என் கண்ணில் படாமல் போனது எப்படி என்று பின்னரே விளங்கிற்று. அக்கணினியில் இருந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மென்பொருளில், படித்த மடல்களை மறைக்கும்படி யாரோ அமைத்து வைத்திருந்தார்கள். எனக்கு முன் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் பழைய மடல்கள் அனைத்தையும் படித்ததாகக் குறித்துவிட்டு எழுந்து போயிருந்தார். எஞ்சிய துண்டுதான் எனக்குக் கிடைத்தது. கருவி தன் வேலையைச் சரியாகவே செய்தது. துண்டை முழுமை என்று எண்ணியது என் குற்றம்.

செய்திக்குழுக்கள் இன்றைய பிள்ளைகளுக்குப் பழங்கதை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் 1979-இல் திட்டமிட்ட யூஸ்நெட் என்ற அமைப்பில் இவை பிறந்தன. தமிழர்கள் கூடிப் பேசிய சாக்.கல்ச்சர்.தமிழ் என்ற குழுவும், முஸ்லிம்கள் விவாதித்த சாக்.ரிலிஜன்.இஸ்லாம் என்ற குழுவும் அதில் இருந்தன. அங்கே ஒவ்வொரு மடலுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத தனி அடையாள எண் உண்டு. பதில் எழுதும் மடல் தன் தலைப்பகுதியில், தனக்கு முன்வந்த மடல்களின் எண்களை மூத்தது முதல் வரிசையாகச் சுமந்து வர வேண்டும் என்று 1987-இல் வெளியான ஆர்எஃப்சி 1036 என்ற விதித்தொகுப்பு கட்டளையிட்டது. இன்னாருக்கு இன்னார் மறுமொழி என்ற வமிசாவளி மடலோடேயே பயணம் செய்கிறது. அந்த எண்களைக் கோத்துத்தான் மென்பொருள் இழையைக் காட்டுகிறது. தறி ஓடும் எங்கள் பகுதியில் இழை என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடிப் பிணைத்த பிறகே அடுத்த ஊடையை ஓட்டுவார்.

ஹதீஸ் கலை பயின்றவர்க்கு இந்த எண்வரிசையைக் கண்டவுடன் இஸ்னாத் நினைவுக்கு வரும். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் சட்டத் தலைப்புகளுக்கு ஏற்ப ஒரே ஹதீஸைப் பகுத்துப் பல பாடங்களில் வைத்தார்கள். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களோ ஒரு ஹதீஸின் பல அறிவிப்பாளர் வழிகளையும் சொல் வேறுபாடுகளையும் ஒரே இடத்தில் அடுக்கிக் காட்டினார்கள். இரண்டும் சிறப்பே. ஆனால் ஓர் அறிவிப்பில் விடுபட்ட சொல் அடுத்த அறிவிப்பில் இருப்பதை உடனே காண ஸஹீஹ் முஸ்லிமின் அமைப்பு உதவுவதை என் மாணவர்கள் எளிதில் கண்டுகொள்கிறார்கள். ஹிஜ்ரி 742-இல் மறைந்த ஹாஃபிழ் மிஸ்ஸீ (ரஹ்) அவர்கள் துஹ்ஃபதுல் அஷ்ராஃப் என்ற நூலில், ஆறு பெரும் தொகுப்புகளில் சிதறிக்கிடந்த வழிகளை ஸஹாபாக்களின் பெயர்வாரியாக ஒன்றுசேர்த்தார்கள். மின்சாரம் இல்லாத காலத்தில், கையெழுத்துப் பிரதிகளை வைத்துக்கொண்டு, முழு இழையையும் காட்டும் ஒரு கருவியை அவர்கள் செய்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றும். மது பற்றிய வசனங்களையும் எண்ணிப் பாருங்கள். அல்பகறா 219, அன்னிஸா 43, அல்மாயிதா 90 என்று படிப்படியாக இறங்கியவற்றில் நடுவில் உள்ளதை மட்டும் ஒருவன் கையில் எடுத்தால், தொழுகை வேளை தவிர மற்ற நேரத்தில் தடையில்லை என்றல்லவா வாதிடுவான்!

இன்றும் செய்திக்குழு படிக்கும் சிலர் தண்டர்பேர்ட் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் மத்ரஸாவின் கணினியிலும் அதுவே. அதன் ‘வியூ’ பட்டியில் ‘த்ரெட்ஸ்’ என்றொரு பிரிவு உண்டு. அங்கே ‘அன்ரீட்’ என்பதைத் தேர்ந்தால் படிக்காத மடல்கள் மட்டும் தெரியும். என்னைக் கவிழ்த்தது இவ்வகை அமைப்புத்தான். ‘ஆல்’ என்பதைத் தேர்ந்தால் எல்லாம் தெரியும். ‘த்ரெட்ஸ் வித் அன்ரீட்’ என்பது நடுவழி: புதிய மடல் வந்துள்ள இழைகளை மட்டும், ஆனால் தலைமுதல் கால்வரை முழுமையாக, காட்டும். நான் வைத்திருப்பது அதை. புதிதாக ஒரு குழுவில் சேரும்போது 500 மடல்களுக்கு மேல் இருந்தால் எத்தனை இறக்க வேண்டும் என்று அது கேட்கும். அவசரத்தில் 500 போதும் என்று சொல்லி, மற்றவற்றைப் படித்ததாகவும் குறித்துவிட்டால், நீண்ட இழைகளின் தலை வெட்டுப்பட்டுவிடும். பொறுமையாக அனைத்தையும் இறக்கிக்கொள்வதே நல்லது. “நூற்று நாற்பது மடல் இருக்கிறதே உஸ்தாத், எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?” என்று ஒரு மாணவன் கேட்டான். பதில் எழுதும் எண்ணம் இல்லையென்றால் வேண்டாம் என்றேன்.

ஜிமெயில் வைத்திருப்போர் அமைப்புகளில் உரையாடல் தோற்றம் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதிலும் தலைப்பை மாற்றினாலோ நூறு மடல்களைத் தாண்டினாலோ இழை முறிந்து வேறாகிவிடும்.

நம் வீடுகளில் செய்திக்குழு ஏது, வாட்ஸ்அப்தானே என்பீர்கள். அங்கேதான் ஆபத்து அதிகம். அண்மையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். மணப்பெண் தன் தாய்மாமாவுக்கு, “மாமா, இந்த இடம் எனக்கு வேண்டாம்” என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரி மட்டும் படமெடுக்கப்பட்டு, கைமாறி, மாப்பிள்ளை வீட்டைச் சென்றடைந்தது. சம்பந்தமே வேண்டாம் என்கிறாள் என்று அவர்கள் பொருள்கொண்டார்கள். மூன்று வாரம் இரு வீட்டாரும் பேசிக்கொள்ளவில்லை. மாமா எந்த மண்டபம் பிடிக்கலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு அந்தப் பிள்ளை சொன்ன பதில் அது. முழு உரையாடலையும் ஜமாஅத் பெரியவர் ஒருவர் மாப்பிள்ளையின் வாப்பாவிடம் காட்டிய பிறகே பேச்சு மீண்டும் தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ், நிக்காஹ் நடந்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் பெண்ணைப் பற்றிப் பேசப்பட்டவற்றை யார் திரும்பப் பெறுவது?

வாட்ஸ்அப்பில் மேற்கோளோடு வரும் பதிலைத் தொட்டால் அது மூலச் செய்திக்கே கொண்டு சேர்க்கும். இந்த வசதியைப் பலர் அறியார். முன்னனுப்பப்பட்ட செய்திக்கோ அந்த வழியும் இல்லை. முதலில் எழுதியவர் யார், எதற்கு மறுமொழி என்பதெல்லாம் உதிர்ந்துவிடும். முன்னனுப்பப்பட்டது என்ற ஒரு குறி மட்டும் 2018 முதல் ஒட்டியிருக்கிறது. அறிவிப்பாளர் தொடர் அறுந்த ஹதீஸை முன்கதிஃ என்று சொல்லி, அதை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்காமல் முஹத்திஸ்கள் ஒதுக்கிவைப்பார்கள்.

சில இழைகளின் தலை இனி கிடைக்கவே கிடைக்காது என்பதும் உண்மை. செய்திக்குழு வழங்கிகள் பழைய மடல்களைக் காலாவதியாக்கிவிடும். கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரி 22 முதல் யூஸ்நெட்டின் புதிய மடல்களை ஏற்பதையும் காட்டுவதையும் நிறுத்திவிட்டது. பழையவை மட்டும் அங்கே தேடக் கிடைக்கின்றன.

அஸர் தொழுகைக்குப் பின் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, “இப்படி எழுதியிருக்கிறானே, இவனைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது?” என்று கேட்டு வருவோர் உண்டு. மேலே தள்ளுங்கள், இதற்கு முன் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்பேன். சிலர் காட்டுகிறார்கள். சிலர் வேறு உஸ்தாதைத் தேடிப் போகிறார்கள்.