பூட்டை மீறிய டேப்

நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால், கச்சேரிக்காகக் கட்டியதல்ல. ராணுவப் பயிற்சிக்கென எழுப்பி, பிறகு விளையாட்டுக்கூடமான பெரிய கட்டடம். 1977 மே 8ஆம் தேதி இரவு அங்கே கிரேட்ஃபுல் டெட் குழு வாசித்தது. அந்தக் கச்சேரி அதிகாரபூர்வமான ஆல்பமாக வெளிவந்தது 2017 மே மாதத்தில். இடையில் ஓடிய 40 ஆண்டுகளில் குழுவின் ரசிகர்கள் அதை மனப்பாடமே செய்துவிட்டார்கள்.

கலிபோர்னியாவில் 1965இல் தொடங்கிய இந்தக் குழுவுக்குப் பாட்டு என்பது ஒரு வாசல்தான். உள்ளே போனபின் எல்லாம் மனோதர்மம். ஒரே பாட்டு இரண்டு இரவுகளில் ஒரே மாதிரி ஒலிக்காது. அதனால் ரசிகர்களுக்கு ஸ்டூடியோ இசைத்தட்டு போதவில்லை. ஒவ்வொரு கச்சேரியும் வேண்டியிருந்தது. மைக்கும் ரிக்கார்டருமாக வந்தார்கள். குழு தடுக்கவில்லை. 1984இல் அவர்களுக்கென அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. எழுதாத சட்டம் ஒன்றுதான்: டேப்பை மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது.

கார்னெல் கச்சேரியைத் தெள்ளத்தெளிவாகப் பதிவு செய்தவர் குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். பின்னாளில் பணமுடை. கிடங்கில் வைத்திருந்த அவரது டேப்புகள் வாடகை பாக்கிக்காக 1986இல் ஏலம் போயின. வாங்கியவர்களிடமிருந்து நகல்கள் பரவின; நகலுக்கு நகல் எடுத்து நாடெங்கும் போய்ச் சேர்ந்தன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தபோது, கடையில் விற்கும் ஆல்பம் என்று ஒன்று இருக்கவில்லை. மூல டேப் குழுவின் காப்பகத்துக்குத் திரும்பிய பிறகே 3 குறுந்தகடுகளாக வெளியீடு சாத்தியமாயிற்று.

ஆல்பத்தின் உச்சம் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாட்டிலிருந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' பாட்டுக்கு நழுவும் இடம். இரண்டும் சேர்ந்து 25 நிமிடங்களுக்கு மேல். இரண்டையும் இணைத்து வாசிப்பது அப்போது இரண்டு மாதப் பழக்கம்தான். ஆனாலும் ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் தையல் தெரிவதில்லை. ஜெர்ரி கார்சியாவின் கிதார் அவசரமே படாமல் அந்தப் பாலத்தைக் கடக்கிறது. இரண்டாவது பாட்டின் மெட்டுக்கு ஒரு இந்தியத் தொடர்பு உண்டு. குழுவின் டிரம் கலைஞர் மிக்கி ஹார்ட், தபலா மேதை ஜாகிர் உசேனுடன் சேர்ந்து 1976இல் வெளியிட்ட 'டிகா' தாள இசைத்தட்டில் அதன் முதல் வடிவம் இருக்கிறது. இதே இருவரின் 'பிளானட் டிரம்' 1992இல் கிராமி பெற்றபோது, கடம் வாசித்த விக்கு விநாயக்ராமும் உடனிருந்தார்.

இதுவே குழுவின் தலைசிறந்த கச்சேரியா? ரசிகர்களுக்குள் இந்தச் சண்டை ஓயவில்லை. பதிவு துல்லியமாக இருந்ததால் வந்த புகழ் என்று ஒரு கட்சி. அதே மாதத்தில் இதைவிட நல்ல இரவுகள் உண்டு என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் அப்படி ஒப்பிட்டுச் சண்டை போடவே, மற்ற இரவுகளின் டேப்புகளும் பிழைத்திருக்க வேண்டும்.

கார்சியா 1995இல் மறைந்தார். கிரேட்ஃபுல் டெட் என்ற பெயரும் அத்துடன் மேடையிறங்கியது. மூல டேப்பை இழந்த பெட்டியின் பெயர், அதைப் பதிவு செய்தவராக 2017 ஆல்பத்தில் அச்சாகியிருக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்கலாம். ஒரு மணி நேரம் கையில் இருக்கட்டும்.