மேல்வீட்டு நீரும் கீழ்வீட்டுக் கூரையும்



சென்னையில் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் அன்னை ஒருவர், மேல்வீட்டுக் குளியலறை நீர் தம் படுக்கையறைக் கூரையில் கசிவதாகவும், மூன்று மாதங்களாய்க் கேட்டும் பயனில்லை என்றும் எழுதியுள்ளார். மேல்வீட்டாரோ, "எங்கள் குழாயில் பழுதில்லை" என்கின்றனராம்.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டும். செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பது அதைப் பொறுத்ததே. மேலே வடிகாலை அடைத்து, சாயம் கலந்த நீரை ஒருநாள் தேக்கிவைத்தால், கீழே கசியும் நிறம் உண்மையைக் காட்டிவிடும். பொதுக்குழாய் உடைந்திருப்பின் குடியிருப்போர் சங்கம் சீர்செய்ய வேண்டும். மேல்வீட்டினுள் பழுதெனில் அவ்வீட்டின் உரிமையாளரைக் கேட்க வேண்டும். (வாடகைக்கு இருப்பவரோடு சண்டையிட்டு என்ன பயன்?) 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டத்திற்குட்பட்ட புதுக்கட்டடமாயின், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டுமானக் குறைகளைக் கட்டியவரே 30 நாட்களில் தம் செலவில் சீர்செய்யக் கடமைப்பட்டவர்.

பூச்சைப் புதுப்பிக்குமுன் நிழற்படம் எடுத்துவையுங்கள். கோரிக்கையைப் பதிவுசெய்த விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிடில், உரிமையியல் நீதிமன்றத்தில் பழுதுநீக்கும் கட்டளையும் இழப்பீடும் கோரலாம். ஆயினும் நாளும் ஒரே படிக்கட்டில் சந்திப்பவர்கள் முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுவதே நன்று என்பேன். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் இசைந்து முடித்தால், அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகர், மேல்முறையீடு கிடையாது. மனுவுடன் அந்தப் படங்களையும், கொத்தனாரின் செலவுக் கணக்கையும் இணைக்க மறவாதீர்கள்.