மதிய உணவில் முட்டை: சலுகையா, உரிமையா?

முத்தியால்பேட்டை அரசுப் பள்ளியில் பயிலும் தலித் குழந்தைக்குப் புரதம் கிடைக்கும் முதன்மையான இடம் மதிய உணவுத் தட்டே. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013, தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 12 கிராம் புரதத்தை உறுதிசெய்கிறது. ஒரு முட்டை ஏறத்தாழ 6 கிராம் தரும். எளிதில் செரித்து, எடையும் உயரமும் கூடத் துணைசெய்யும்.

தமிழ்நாட்டில் 2010 முதல் வாரம் ஐந்து முட்டை. புதுச்சேரியிலோ, முட்டை சமைக்காத அட்சய பாத்திரம் அமைப்பிடம் பள்ளிச் சமையல் ஒப்படைக்கப்பட்டது. சமையலறைக்கு வெளியே தனியாக வாங்கித் தரவேண்டிய பொருளாக முட்டை மாறினால், நிதி குறையும்போது முதலில் நிற்பதும் அதுவே.

சட்டம் கிராமைச் சொல்கிறது, முட்டையைச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் சாதியத் தூய்மைக் கோட்பாடு நுழைகிறது. உண்ணாத குழந்தைக்கு மாற்று உணவு தரலாம்; உண்ணும் குழந்தையிடமிருந்து பறிக்கலாகாது. முட்டையை விதியில் எழுதுக.