மோட்டார் மேல் பழி

சிதம்பரத்தில் என் மாமா வீட்டு மாடிக் குளியலறையில் ஷவரைத் திறந்தால் தண்ணீர் கொட்டாது, சொட்டும். "மோட்டார் இழுக்கல மாப்ளே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அரை ஹெச்பியைக் கழற்றி ஒன்றரை ஹெச்பி மாட்டினார். ஷவர் அப்படியேதான் சொட்டியது.

கடலூர், சிதம்பரம் பக்கம் யாரைக் கேட்டாலும் இதே பாட்டுதான். ஷவரில் வேகம் இல்லையா, பெரிய மோட்டார் போடு. அதற்கும் அசையவில்லையா, 500 லிட்டர் டேங்கை 1000 ஆக்கு. இரண்டுமே மூடநம்பிக்கை. நாள் நட்சத்திரம் பார்ப்பதில் காசாவது மிச்சமாகும்.

தண்ணீரை மொட்டை மாடித் தொட்டிக்குள் தள்ளியதோடு மோட்டாரின் வேலை முடிந்தது. நீங்கள் குளிக்கும்போது பெரும்பாலும் அது ஓடுவதுகூட இல்லை. ஷவரில் தண்ணீரைத் தள்ளுவது உயரம்: தொட்டியின் நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் உள்ள இடைவெளி. பத்து மீட்டர் உயரம் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். தொட்டி எத்தனை லிட்டர் என்பது இந்தக் கணக்கில் வரவே வராது.

நம் வீடுகளில் தொட்டி எங்கே இருக்கிறது? மொட்டை மாடித் தரையில், இரண்டு வரிசைச் செங்கல் மேல். மாடி ஷவருக்கு ஐந்தடி உயரம் கிடைத்தால் பெரிது, அழுத்தம் 0.15 கிலோ. ஆசைப்பட்டு வாங்கும் அகலமான ஷவர்கள் பல, ஒரு கிலோவாவது இருந்தால்தான் ஒழுங்காகப் பொழியும். அதே தொட்டியிலிருந்து வரும் கீழ்வீட்டு ஷவர் மட்டும் நன்றாக அடிக்கிறதே, பத்தடி கூடுதல் இறக்கம். மோட்டார்தான் குற்றவாளி என்றால் கீழேயும் அல்லவா சொட்ட வேண்டும்?

உயரத்தை நம்பாதவர்கள் பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூரை நினைத்துப் பார்க்கலாம். 2004 முதல் சென்னைக்குப் போகும் வீராணம் தண்ணீரை வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து காடாம்புலியூர்த் தொட்டி வரைதான் பம்ப் தள்ளுகிறது. அங்கிருந்து போரூர் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே ஓடுகிறது. நாளுக்கு 18 கோடி லிட்டருக்கான திட்டம் அது. 200 கிலோமீட்டரை இறக்கத்தை வைத்தே கடக்க முடிகிறது. நாம் இருபதடிக் குழாய்க்கு ஹெச்பி கூட்டுகிறோம்.

சரி, உயரம் போதுமான வீட்டிலும் சொட்டுகிறதே என்பீர்கள். வழியில் எங்கோ அடைப்பு. கடலோர போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. கீசரிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளையாகப் படிந்து, கல் மாதிரி இறுகிவிடும். பழைய ஜிஐ குழாய் என்றால் உள்ளே துரு. செலவைக் குறைக்க அரை இன்ச் குழாய் போட்டிருப்பார்கள். ஒரு இன்ச் குழாயில் போகும் அதே தண்ணீரை அரை இன்ச்சில் அனுப்பினால், உராய்வில் போகும் அழுத்தம் ஏறத்தாழ முப்பது மடங்காகும். திரும்பும் இடமெல்லாம் எல்போ. தொட்டியைக் கழுவியபின் நுழைந்த காற்று, குழாயின் மேடான வளைவில் மாட்டிக்கொண்டு தண்ணீரை மறிப்பதும் உண்டு. பிளம்பர்கள் 'ஏர் லாக்' என்பார்கள்.

மாநகராட்சிக் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது இந்த நம்பிக்கையின் அடுத்த படி. விதிமீறல் என்பது ஒருபுறம். நீங்கள் உறிஞ்சும்போது விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடையும் குழாய்க்குள் வரும். தெருக்கோடி வீட்டுக்கு வெறும் காற்றுதான்.

தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவே வைக்கும் பிரஷர் பம்ப் வேறு சங்கதி. அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அடைப்பை எடுக்காமல் அதை வைப்பது, மலச்சிக்கல்காரனுக்கு இன்னொரு பந்தி வைப்பது போல. அதற்குமுன் தொட்டியைப் படிக்கட்டு அறையின் கூரைமேல் ஏற்ற முடியுமா என்று பாருங்கள், எட்டடி இலவசம். கூரை தாங்குமா என்று பொறியாளரைக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். இறுக்கிக் கட்டவும் வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

மாமா வீட்டில் ஷவர் தலையைக் கழற்றினோம். துளைகளில் பாதிக்குமேல் வெள்ளையாக அடைத்திருந்தது. இரவு முழுக்க வினிகரில் ஊறப்போட்டோம். தொட்டியடி கேட் வால்வைத் திருகினால் கைப்பிடி மட்டும் சுற்றியது. உள்ளே தகடு பாதி இறங்கி நின்றிருந்தது. அதை மாற்றினோம். மறுநாள் மாமா நின்றுகொண்டு குளித்தார். ஒன்றரை ஹெச்பி மோட்டார் இன்னும் இருக்கிறது. தொட்டி முன்பைவிடச் சீக்கிரம் நிரம்பி வழிகிறது.