விளையாடுவது வேறு, வேலை வேறு: கேம் டெஸ்டிங் பயிற்சி நம்ம ஊர்ப் பிள்ளைக்கும் வேணும்!

"எந்நேரமும் செல்போன்ல கேம்தானா? இது சோறு போடுமா?"

இந்தக் கேள்வி கேட்காத வீடு தமிழ்நாட்டில் உண்டா?

பெற்றோர்களே, உங்கள் கோபம் நியாயமானது. விளையாடுவது சோறு போடாது. ஆனால் கேமில் இருக்கும் பிழையைக் கண்டுபிடித்து, ஒழுங்காக எழுதிக் கொடுப்பது சோறு போடும். அதுக்குப் பேர்தான் கேம் டெஸ்டிங். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மியைச் சொல்லவில்லை. அதையெல்லாம் தடை செய்து 2025-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுவிட்டது.

2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' என்ற கேம் வந்தது. உலகமே காத்திருந்த கேம். பிழைகள் குவிந்ததால் ஒரே வாரத்தில் சோனி தன் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து அதைத் தூக்கியது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி அங்கே விற்பனைக்கு வர ஆறு மாதம் ஆனது. பிழையோடு வெளியே விட்டால் எவ்வளவு பெரிய அடி என்று புரிகிறதா?

டெஸ்டர் என்ன செய்கிறார்? ஒரே சுவரில் நூறு தடவை மோதிப் பார்க்கணும். நடுவில் போன் வந்தால், நெட் போனால், சார்ஜ் இறங்கினால் கேம் என்ன ஆகுதுன்னு பார்க்கணும். விலை குறைந்த போனிலும் ஓடுதான்னு பார்க்கணும்.

"கேம் ஹேங் ஆகுது" என்று எழுதினால் அது புலம்பல். "மூன்றாவது லெவலில் வண்டியில் ஏறும்போது போன் வந்தால், பத்துக்கு எட்டு தடவை திரை நின்றுவிடுகிறது; இன்ன போன், இன்ன வெர்ஷன், இதோ வீடியோ" என்று எழுதினால் அது பக் ரிப்போர்ட். சம்பளம் இரண்டாவதுக்குத்தான்.

இதுக்குப் பொறுமை வேணும், கூர்மையான கண் வேணும், தெளிவாக எழுதும் எளிய ஆங்கிலம் வேணும். ஜிரா போன்ற மென்பொருளில் பதிவு செய்யும் பழக்கம் வேணும். எல்லாமே சொல்லிக் கொடுத்தால் வரக்கூடியவை. ஹைதராபாத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், புனேயில் யூபிசாஃப்ட், பெங்களூருவில் ராக்ஸ்டார் என்று பெரிய நிறுவனங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. திருவாரூர் பிள்ளைக்கும் தருமபுரி பிள்ளைக்கும் அங்கே போக வழி காட்டுவது யார்?

இன்றைக்குக் காட்டுவது, "நூறு சதவீதம் வேலை உறுதி" என்று போஸ்டர் ஒட்டி ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குபவர்கள். கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு சான்றிதழ். அப்பா வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

அதனால்தான் அரசிடம் கேட்கிறோம்:

✅ 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியில், அரசு பாலிடெக்னிக், ஐடிஐ, கலைக் கல்லூரிகளில் முழுமையான இலவச கேம் டெஸ்டிங் பயிற்சி வேண்டும்.

✅ பாடம் தமிழில், ரிப்போர்ட் எழுதும் பயிற்சி ஆங்கிலத்தில். படம் காட்டி முடிக்காமல், நிஜ போன்களையும் கன்சோல்களையும் கையில் கொடுக்க வேண்டும்.

✅ உதவித்தொகையுடன் நிறுவனங்களில் நேரடிப் பயிற்சி வேண்டும்.

✅ எத்தனை பேர் படித்தார்கள் என்பதோடு, ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கையும் வெளியிட வேண்டும்.

✅ ஒப்பந்தத் தொழிலாளருக்கு வேலைப் பாதுகாப்பு வேண்டும்.

கடைசிக் கோரிக்கை ஏன் தெரியுமா? அமெரிக்காவில் ரேவன் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டெஸ்டர்கள் ஆட்குறைப்பை எதிர்த்து 2021 டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதம் 19-க்கு 3 என்ற வாக்கில் சங்கம் அமைத்தார்கள். ஆக, இது சொகுசு வேலையும் இல்லை, நிரந்தரத்துக்கு உத்தரவாதமும் இல்லை. அதை மறைத்து ஆசை காட்ட மாட்டோம்.

தம்பி, தங்கைகளே! வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூட கொடுக்காதீர்கள். இன்றைக்கே ஒரு இலவச கேமை எடுங்கள். பத்து பிழை கண்டுபிடித்து, மேலே சொன்ன மாதிரி எழுதிப் பாருங்கள். நாளைக்கு இன்டர்வியூவில் காட்ட அதுதான் உங்கள் முதல் ஆதாரம்.

திறமை நம்ம பிள்ளைகளிடம் இருக்கு. பயிற்சியைக் கொடுக்க வேண்டியது அரசின் கடமை!

#கேம்டெஸ்டிங்பயிற்சி #இளைஞர்களுக்குவேலை